சிறுகிளையில் தொங்கும் பழமும் கிளிக்குள் இருக்கும் உயிரும்

‘இத்தொடரில் அமைந்துள்ள அணியைச் சுட்டுக’ என்னும் வினாவுக்கு உவமையணி என்றோ உருவக அணி என்றோ ஒரு சொல்லில் விடை எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். அந்த விடையில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் பாட்டை வாசிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். பழனி மலையின் கீழ்ச்சரிவில், காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் சூழ்ந்த தாண்டிக்குடிப் பக்கத்தில், மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். குறிஞ்சித்திணைப் பாடல்களை அவர்களோடு வாசிக்கும்போதும், இடையிடையே தேவதைக் கதைகளைச் சொல்லும்போதும் எனக்குள் மெல்ல உருவாகி வந்த ஒரு கருத்தை இங்கே விரித்து எழுத விரும்புகிறேன். பழைய பாட்டு தன் ஒப்புமையை நிலத்துக்குள் மறைத்து வைக்கிறது. தேவதைக் கதையோ அதே ஒப்புமையை மெய்யாகவே நடந்த நிகழ்ச்சியாக்கிவிடுகிறது. ஆகவே ஒன்றை வாசிக்கப் பழகியவருக்கு மற்றொன்றும் திறந்துகொள்கிறது.

முதலில், எதுவும் மறைக்கப்படாத ஓர் உவமையைப் பார்க்கலாம். குறுந்தொகையின் 18ஆம் பாடல் கபிலர் பாடியது. இரவில் வந்து செல்லும் தலைவனை இடைமறித்துத் தோழி சொல்கிறாள்:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

சிறிய கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குவதைப் போல, இவளுடைய உயிர் மிகச் சிறியது, இவள் கொண்ட காமமோ பெரியது. உவமையின் பொதுத்தன்மை அளவு என்று பாட்டே சொல்லிவிடுகிறது: ஒன்று சிறிது, ஒன்று பெரிது. பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால் பலா மரத்தடியில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டினால், அளவைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பழம் எப்போது விழும் என்றுதான் கேட்கிறார்கள். பழுக்கப் பழுக்கப் பழத்தின் எடை கூடிக்கொண்டே போகும், கிளை மட்டும் அப்படியே இருக்கும். உரிய காலத்தில் ஒருவர் மரமேறிக் கயிறு கட்டி இறக்காவிட்டால், பழம் தரையில் விழுந்து சிதறும். சில வேளை கிளையையும் முறித்துக்கொண்டு விழும். தோழி வாய்விட்டுச் சொன்னது அளவு. அவள் சொல்லாமல் அஞ்சுவது காலம். அதனால்தான் உவமைக்கு முன்பே ‘செவ்வியை ஆகுமதி’, அதாவது உரிய காலத்தைத் தவறவிடாதே என்று அவனை வேண்டிக்கொள்கிறாள். உவமைக்குள் அடங்கிக் கிடக்கும் அச்சம் அந்த வேண்டுகோளில் ஏற்கெனவே வந்துவிட்டது.

பாட்டில் இன்னொரு பலாவும் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவனுடைய நாட்டில் உள்ள பலா வேரிலேயே காய்க்கிறது. அதைச் சுற்றி மூங்கில் வேலியும் இருக்கிறது. வேர்ப்பலா விழுவதற்கு இடமே இல்லை, அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. வேலி இருப்பதால் விலங்கும் நெருங்காது. அவனுடைய காதலுக்கு எந்த ஆபத்தும் இல்லை, காத்திருந்தாலும் அவனுக்கு எதுவும் கெட்டுவிடாது. அவளுடையதோ அந்தரத்தில் தொங்குகிறது, காப்பதற்கு வேலியும் இல்லை. இரண்டு பலாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தோழியின் சொற்களுக்குள் ஒரு குற்றச்சாட்டும் இருப்பது தெரிகிறது. தலைவன் நாட்டுப் பலாவுக்குப் ‘போல’ என்பது போன்ற உவம உருபு எதுவும் இல்லை. அவனை விளிக்கும் அடைமொழிக்குள் அது அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஐந்து அடிகளில் ஓர் ஒப்புமை வெளிப்படையாகவும் மற்றொன்று மறைந்தும் எதிரெதிராக நிற்கும் இந்த அமைப்பை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே, வகைபெற வந்த உவமத் தோற்றம்’ என்று தொல்காப்பிய உவமவியல் தொடங்குகிறது. ஒரு பொருள் இன்னொன்றுக்கு ஒப்பாவது செயலால், பயனால், வடிவத்தால், நிறத்தால் என்னும் இந்த நான்கு வழிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பாட்டில் மட்டுமல்லாமல் கதையிலும் இவை நமக்கு வழிகாட்டும். பிற்காலத்துத் தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக விரித்துச் சொல்கிறது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, இந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வோர் ஒப்புமையிடமும் கேட்டுப் பழகுவது வளரும் வாசகருக்கு மிகுந்த பயன் தரும் என்று நம்புகிறேன்.

மறைந்திருக்கும் ஒப்புமையைத் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்கிறார். அதற்குக் குறுந்தொகை 38ஆம் பாடலைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதுவும் கபிலர் பாட்டே.

கான மஞ்ஞை அறைஈன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்
குன்ற நாடன் கேண்மை என்றும்
நன்றுமன் வாழி தோழி உண்கண்
நீரொடு ஒராங்குத் தணப்ப
உள்ளாது ஆற்றல் வல்லு வோர்க்கே

காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் முசுக்குரங்கின் குட்டி உருட்டுகிறது. அத்தகைய குன்றத்துத் தலைவனின் நட்பு நல்லதுதான், அவன் பிரியும்போது கண்ணில் நீர் பெருக அதை எண்ணாமல் தாங்கிக்கொள்ள வல்லவர்களுக்கு. இலக்கணப்படி பார்த்தால் முதல் இரண்டு அடிகள் ‘குன்ற நாடன்’ என்பதற்கு அடையாக வந்தவை மட்டுமே. அவன் எந்த ஊர்க்காரன் என்று தலைவி சொல்கிறாள், அவ்வளவுதான். ஆயினும் மலைநாட்டில் சொல்வதற்கு அருவியும் சந்தனமும் தினைப்புனமும் இருக்க, அவள் தேர்ந்தெடுத்தது ஒரு முட்டையை, அது கிடக்கும் கடினமான பாறையை, அதன் அருமை தெரியாமல் உருட்டும் ஒரு குட்டியை.

வகுப்பில் இந்தக் காட்சியை நாங்கள் விளக்கம் எதுவுமின்றிக் காட்சியாகவே முதலில் பார்த்தோம். குட்டிக்குக் கெட்ட எண்ணம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அது விளையாடுகிறது என்றார்கள். தாய் மயில் எங்கே என்று கேட்டேன். பாட்டில் இல்லை என்றார்கள். அப்போது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி, “முட்டை இன்னும் உடையலையே டீச்சர்” என்றாள். எனக்குத் தெரிந்த விளக்கங்களைவிட அந்த ஒரு வாக்கியம் பாட்டின் உள்ளே வெகுதூரம் சென்றது. ஆம், முட்டை உடைந்ததாகக் கபிலர் சொல்லவில்லை. ‘உருட்டும்’ என்னும் வினை முடிந்துபோகாமல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. பாறையில் உருளும் முட்டை அடுத்த நொடியில் உடையலாம், உடையாமலும் இருக்கலாம். தலைவியின் நிலையும் அதுவே. அவன் இன்னும் அவளைக் கைவிட்டுவிடவில்லை, மணந்துகொள்ளவும் இல்லை. அவனிடம் தீய நோக்கம் இல்லை என்பதால் வெறுக்கவும் அவளால் முடியவில்லை. உடைந்த முட்டையைப் பாடியிருந்தால் இது ஒரு புலம்பலாகியிருக்கும். உருளும் முட்டையைப் பாடியதால் கேட்பவரின் நெஞ்சமும் அவளோடு சேர்ந்து காத்திருக்கிறது.

இங்கே ஒப்புமையை மறைத்தது புலமையைக் காட்டுவதற்காக என்று நான் கருதவில்லை. தான் விரும்பும் ஒருவனை அவள் நேரே பழிக்க முடியாது. பழிக்காமல் இருந்தால் அவளுடைய துயரம் தோழிக்கு முழுமையாகத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அவன் ஊரைப் பற்றிப் பேசுவது. நம் வீடுகளிலும் பெண்கள் நேரே சொல்ல முடியாததை அடுப்பின் மீதும் மழையின் மீதும் ஏற்றிச் சொல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். உள்ளுறை என்பது நாகரிகத்திலிருந்து பிறந்தது. அதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு கேட்பவருடையது.

குறிஞ்சிப் பூவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் மலையில் இதைச் சொல்லாமல் எந்த இலக்கியப் பேச்சும் முடிவதில்லை. ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரள வின்றே’ என்று தொடங்கும் குறுந்தொகை மூன்றாம் பாடல், ‘கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு, பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே’ என்று முடிகிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதால், அந்த நட்பும் அவ்வளவு அரியது என்று மேடைகளில் விளக்குவார்கள். 2006இலும் 2018இலும் கொடைக்கானல் சரிவுகள் நீலமாக மாறியதைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் இனிக்கும். நான் அதை மறுக்கவும் இல்லை. ஆனால் 12 என்னும் எண் பாட்டில் இல்லை. பாட்டில் இருப்பவை கரிய தண்டும், பூவும், அதிலிருந்து இழைக்கப்படும் தேனும். முதல் இரண்டு அடிகளில் நிலம், வானம், கடல் என மிகப் பெரியவற்றையெல்லாம் சொல்லி, அவற்றிலும் பெரிது என்று தலைவி தன் நட்பை உயர்த்துகிறாள். அடுத்த அடியிலேயே ஒரு சிறு பூவுக்கு இறங்கிவிடுகிறாள். வானத்தைவிட உயர்ந்தது எப்படி உண்டாயிற்று என்றால், பூப்பூவாகச் சென்று துளித்துளியாகச் சேர்த்த தேனைப் போல உண்டாயிற்று. வண்டோ தேனீயோ பாட்டில் பெயராகக்கூட வரவில்லை. செயல் மட்டும் வருகிறது. மலைப்பாறைகளில் தேனெடுக்கும் பளியர் பழங்குடியினரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு தேனடைக்குப் பின்னால் உள்ள உழைப்பை விளக்க வேண்டியதில்லை. அரிய பூ என்னும் ஒரே செய்தியால் இந்தப் பாட்டை நிரப்பிவிட்டால், தொல்காப்பியர் சொன்ன ‘வினை’ நம் கண்ணிலிருந்து நழுவிவிடும்.

இனிக் கதைகளுக்கு வருகிறேன். பாட்டல்லாத உரைவகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’ என்பதைக் குறிப்பிடுகிறார். அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்னும் பெயர்கொண்ட பழைய உரையாசிரியர், ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குச் சென்று இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு வரும் கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். நம் இலக்கணம் கதையையும் ஒரு வடிவமாக மதித்து இடம் கொடுத்தது என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ 1697இல் வெளியிட்ட சிண்ட்ரெல்லா கதையில், ஞானத்தாய் மந்திரக்கோலால் தொட்டு மாற்றுகிற பொருள்களைப் பாருங்கள். குடைந்தெடுத்த பூசணிக்காய் தங்கமுலாம் பூசிய வண்டியாகிறது: வடிவம் பற்றிய ஒப்புமை. எலிகள் குதிரைகளாகின்றன, அந்தக் குதிரைகளின் நிறம் எலியின் சாம்பல் நிறம் என்றே கதை சொல்கிறது: நிறம் பற்றியது. பெருச்சாளிகளுள் நீண்ட மீசை உடையதைத் தேர்ந்தெடுத்தார்கள், அது அழகிய மீசை வைத்த வண்டிக்காரனாகிறது: மீண்டும் வடிவம். பல்லியினத்தைச் சேர்ந்த ஆறு பிராணிகள் ஏவலாட்களாகி, வாழ்நாள் முழுவதும் இதையே செய்துவந்தவர்களைப் போல வண்டியின் பின்புறம் ஒட்டிக்கொள்கின்றன: செயல் பற்றியது. பயன் பற்றிய ஒப்புமை மட்டும் இங்கே எனக்குத் தென்படவில்லை. தொல்காப்பியரைப் பற்றி எதுவும் அறியாத ஒரு கதையில் அவருடைய மூன்று வழிகளும் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருப்பதற்குக் காரணம், மந்திரம் என்பதே நடந்துமுடிந்த உவமை என்பதுதான். ‘எலி போன்ற குதிரை’ என்று பாட்டு சொல்லும். கதையில் எலி குதிரையாகவே மாறிவிடும். எதை வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் மாற்ற மந்திரக்கோலால் முடியும் என்று தோன்றினாலும், ஒப்புமை இல்லாத இடத்தில் அது வேலை செய்வதில்லை.

நள்ளிரவில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது, கண்ணாடிச் செருப்பு மட்டும் எஞ்சுகிறது. இதைப் பிழை என்று சுட்டும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பெரோவின் கதையைக் கவனமாகப் படித்தால், அழுக்குத் துணிகள் பொன்னாடையாக மாற்றப்படுகின்றன, செருப்போ எதிலிருந்தும் மாற்றப்படவில்லை. ஞானத்தாய் அதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாள். உவமையால் வந்தவை உவமையோடு போயின. கொடையாக வந்தது தங்கிவிட்டது.

கிரிம் சகோதரர்கள் 1819இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் உள்ள ஸ்னோ ஒயிட் கதை இதைவிட நுட்பமானது. கருங்காலிச் சட்டம் பொருத்திய சன்னலருகே அமர்ந்து தைத்துக்கொண்டிருக்கும் அரசி, விரலில் ஊசி குத்தி மூன்று துளிக் குருதி வெண்பனியில் விழுவதைக் கண்டு, பனி போல் வெளுத்தும் குருதி போல் சிவந்தும் இந்தச் சட்டம் போல் கறுத்தும் ஒரு குழந்தை வேண்டும் என்கிறாள். மூன்று உவமைகளும் அவள் கண்முன் இருந்த பொருள்களிலிருந்தே எடுக்கப்பட்டன. குறிஞ்சிப் பாட்டின் உவமைகள் அந்தச் சாரலின் கருப்பொருள்களிலிருந்து, அதாவது அங்குள்ள மரம், விலங்கு, பறவை முதலியவற்றிலிருந்து வருவதைப் போன்றதே இது. உவமைகள் உடம்பெடுத்துக் குழந்தையாகப் பிறக்கின்றன. இவ்வளவும் வெளிப்படை. ஆனால் பிற்பகுதியில் மாற்றாந்தாய் கொண்டுவரும் நச்சு ஆப்பிள் எப்படி இருக்கிறது? ஒரு பாதி வெண்மை, மறுபாதி சிவப்பு, நஞ்சு சிவப்புப் பாதியில் மட்டும். அந்தப் பெண்ணின் நிறங்களே அவளைக் கொல்ல வரும் பழத்தின் நிறங்களாகின்றன. பெற்றவள் ஆசையாகச் சொன்ன உவமையை, பொறாமை கொண்டவள் திருடி ஆயுதமாக்குகிறாள். கதை இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கபிலரின் முட்டையை வாசித்துப் பழகிய கண்களுக்கு இந்த ஆப்பிள் உடனே பிடிபடும். உள்ளுறை கதையிலும் உண்டு என்று நான் சொல்வது இதைக்கொண்டுதான்.

நம் பாட்டிமார் சொன்ன கதைகளில், ஏழு மலை தாண்டி ஏழு கடல் தாண்டி ஒரு மரப்பொந்தில் உள்ள கிளியின் உடலுக்குள் அரக்கனின் உயிர் இருக்கும். ‘என் உயிரே உன்கிட்டதான் இருக்கு’ என்று தாய் பிள்ளையிடம் சொல்வது அன்றாடப் பேச்சு. கதை அந்தப் பேச்சை அப்படியே நம்பி, உயிரை உடம்புக்கு வெளியே எடுத்து வைத்துவிடுகிறது. தோழி தலைவியின் உயிரைச் சாரலின் ஒரு சிறுகிளையில் காட்டியதும் இதே செயல்தான். இரண்டிலும் உயிர் வெளியே, எளிதில் முறியக்கூடிய ஓரிடத்தில், பிறர் கைக்கு எட்டும்படி இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், கிளையைக் காட்டிய தோழி காப்பாற்றும்படி வேண்டுகிறாள். கிளியைக் கண்டுபிடித்தவன் கழுத்தை நெரிக்கிறான். ஒருவருடைய உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அன்புக்கும் உதவும், பகைக்கும் உதவும்.

இவ்விரு வழிகளும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பாரதியாரின் நான்கு அடிகளில் காணலாம்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் - அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்
வெந்து தணிந்தது காடு - தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ

எது தீ, எது காடு என்று பாட்டு சொல்லவில்லை. அந்த வகையில் இது உள்ளுறையின் வழி. கண்டேன், வைத்தேன், வெந்தது என நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்துவிடுகின்றன. அந்த வகையில் இது கதையின் வழி. கோடையில் புல் காய்ந்து மலைச்சரிவில் தீ பரவுவதை இரவில் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காடு வெறும் குறியீடாக இருக்க வழியில்லை. முதலில் அவர்கள் அஞ்சுகிறார்கள், அதன் பிறகே பொருள் தேடுகிறார்கள். அந்த வரிசை சரியானது என்றே நினைக்கிறேன். தீயைக் ‘குஞ்சு’ என்றது உருவகம். குஞ்சு என்றதனால் அதை வைக்கும் இடம் பொந்தாகிறது. ஒருவர் பறவைக் குஞ்சைப் பொந்தில் வைப்பது அது குளிரில் சாகாமல் வளரட்டும் என்னும் பரிவினால். எரிக்க வேண்டும் என்னும் நோக்கம் அந்தச் செயலில் தெரியவில்லை. வளர்ந்து சிறகு முளைக்கும்வரை அது காத்திருக்கவும் இல்லை. குஞ்சாக இருக்கும்போதே காடு வெந்துவிட்டது. நான்காம் அடியின் கேள்வி அதனால் எழுகிறது.

அந்தத் தீ எதுவாக இருக்கலாம் என்று எழுதி வரச் சொன்னேன். சுதந்திரம் என்று பலரும், படிப்பு என்று சிலரும் எழுதினார்கள். ஒருத்தி கோபம் என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு விடையையும் பொந்து, காடு, தணிதல் ஆகிய மூன்றோடும் பொருத்திப் பார்த்தோம். சுதந்திரம் என்றால் வெந்து தணிந்தது எது என்பதற்கு விரைவாகப் பதில் வந்தது. படிப்பு என்றவர்கள் அறியாமைதான் காடு என்றார்கள், ஆனால் படிப்பு எப்போது தணியும் என்னும் இடத்தில் தடுமாறினார்கள். கோபம் என்று எழுதியவளிடம், பொந்து எது என்று கேட்டபோது மனசு என்றாள். காடு யாருடையது என்று கேட்டபோது, “வச்சவங்களோடதுதான்” என்றாள். பாரதியின் விடுதலை வேட்கையை அறிந்தவர்கள் இந்தப் பொருளை ஏற்கத் தயங்குவார்கள், எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் ‘கண்டேன்’ ‘வைத்தேன்’ என்று தன்மையில் பேசுகிற ஒருவர் காடு வேகும்போது எங்கே நின்றார் என்று பாட்டு சொல்லாதவரை, அவளுடைய வாசிப்புக்கும் பாட்டின் எல்லா அடிகளும் இடம் கொடுக்கின்றன. அதனால் அதைப் பலகையில் மற்ற விடைகளின் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.